பிள்ளையை மனோதத்துவ நிபுணரிடம் அழைத்துச் செல்லும்போது



தங்களில் சிலர் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆகும் செலவு புரிகிறது, ஆனால் பிள்ளைகளை மனோதத்துவ நிபுணரிடம் அழைத்துப் போவதற்கென்று தனியாக ஒரு செலவு ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவும், தங்கள் சபையில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தாங்களே உதவுவதற்கு வழிகாட்டியாகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. மேற்கே விராலிமலை, கிழக்கே கடலோரத்தில் மணமேல்குடி. மணமேல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் பிள்ளையோடு மாவட்டத் தலைநகருக்கு வரவேண்டுமானால் அறந்தாங்கி வந்து, அங்கிருந்து மறுபடி பஸ் பிடிக்கவேண்டும். அங்கிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகச் சொன்னால் இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல். கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடும் பிள்ளையோடு, கூட்டமான பஸ்ஸில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அந்தத் தாய் போகவேண்டும். வைத்தியம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் போய்ச் சேருவதுதான் பாரம்.

யாரை அழைத்துச் செல்லவேண்டும்?

குறும்பு செய்கிற பிள்ளைகள் எல்லாரையும் நிபுணரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தாமதிக்கக் கூடாது.

இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத பிள்ளை. பேசிக்கொண்டிருந்து பேச்சை இழந்த பிள்ளை. மற்றக் காரியங்களில் சூட்டிகையாக இருந்தும் நாலாம் வகுப்பு வந்தபின்பும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளை. படுக்கையை நனைப்பது நின்று வருடங்கள் ஆனபின் மறுபடியும் நனைக்கத் தொடங்கிய பிள்ளை. வீட்டில் ஒரு மரணத்துக்குப் பின் அல்லது ஒரு பயத்துக்குப் பின் பள்ளிக்கூடம் போக மறுக்கிற பிள்ளை. சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளை.

கடைசியாகச் சொன்னது அவசரம். தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் இதை வெறும் பேச்சென்று தள்ளிவிடக் கூடாது. அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், பூச்சிமருந்து முதலானவற்றை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுவரவேண்டும்.

முதலில் செய்யவேண்டியது

பேசாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் கண் பரிசோதனை. வகுப்பில் அடிக்கடி சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நிற்கிற பிள்ளைக்கு வலிப்பு நோய் இருக்கலாம். அதை டாக்டர் பார்க்கவேண்டும். காது மந்தமான பிள்ளைக்கு புத்தி மந்தம் என்று பெயர் கட்டிவிட்டால், பின்பு அதை அழிப்பது எளிதல்ல. ஆகவே முதல் படி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது ஒரு குழந்தை நல மருத்துவர். அங்கிருந்து ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போனால் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கே போவது என்று அலையவேண்டியிராது.

யார் யார் என்ன செய்கிறார்கள்?

இதில் பெற்றோருக்கு மிகுந்த குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் என்பவர் டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் மனநோய் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பார். மனோதத்துவ நிபுணர் மருந்து கொடுப்பதில்லை. பிள்ளையின் அறிவு வளர்ச்சி, கவனம், நடத்தை, பயம் ஆகியவற்றைச் சோதித்து, பேச்சினாலும் பயிற்சியினாலும் உதவுகிறவர். பேச்சுப் பயிற்சியாளர் வேறு, சிறப்பு ஆசிரியர் வேறு, ஆலோசகர் வேறு.

மருத்துவ மனோதத்துவ நிபுணர்கள் 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். தனியார் நிலையத்துக்குப் போகிறவர்கள் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. கட்டணம் எவ்வளவு, எத்தனை தடவை வரவேண்டும் என்பதையும் போகும் முன்பே போனில் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கே போவது?

நம் மாவட்டத்திலேயே கிடைப்பதை முதலில் பயன்படுத்தவேண்டும் என்பது எங்கள் ஆலோசனை. தேசிய குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தடவையும் வந்து பிள்ளைகளைப் பார்க்கின்றன. குறை கண்ட பிள்ளைகளை மாவட்ட அளவிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். குழு வரும் தேதியை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டறிந்து, அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. வெட்கப்பட்டு அந்த ஒரு நாளில்தான் பிள்ளையை மறைத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்பு ஆசிரியர்கள் உண்டு. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலமும் மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். அவர்கள் மேலே அனுப்பினால் திருச்சி, தஞ்சாவூர், மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

இன்னும் விரிவான சோதனையும் பயிற்சியும் தேவைப்பட்டால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் 1957-ல் அதைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, வீட்டில் செய்யவேண்டியதைக் கற்றுக்கொண்டு போகும் முறையை அங்கே ஆரம்பத்திலிருந்தே கைக்கொண்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆனால் அங்கே தங்குவதற்கு நாட்களும் பணமும் வேண்டும் என்பதால், உள்ளூரில் பார்த்தபின் டாக்டர் சொன்னால் மட்டுமே அனுப்புவது நல்லது.

எதுவும் புரியாத வேளையில் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி மானஸ் சேவை இது, தமிழில் பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது தீங்கு நேர்ந்திருந்தால் 1098.

போகும் முன் செய்யவேண்டிய ஏற்பாடுகள்

1. பையில் வைக்கவேண்டியவை: பிறப்புச் சான்று, கர்ப்ப காலத்தில் கொடுத்த அட்டை, தடுப்பூசி அட்டை, பிள்ளையின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை நகல், முன்பு பார்த்த டாக்டர்களின் சீட்டுகள், சாப்பிடும் மருந்துகள். பள்ளிப் பிள்ளையானால் மதிப்பெண் அட்டையும், பிள்ளை கைப்பட எழுதிய இரண்டு நோட்டுப் புத்தகங்களும். நோட்டுப் புத்தகம் நிபுணருக்கு நிறையச் சொல்லும்.

2. எழுதிக் கொண்டு போகவேண்டியவை: பிரசவம் எப்படி நடந்தது, குழந்தை உடனே அழுததா, எப்போது உட்கார்ந்தது, நடந்தது, பேசியது, வலிப்பு வந்ததா, தொல்லை எப்போது தொடங்கியது. எழுதத் தெரியாத தாய்க்கு சபையில் ஒரு வாலிபர் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். பிள்ளை வீட்டில் செய்வதை செல்போனில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போவதும் உதவும். ஏனென்றால் புது இடத்தில் பிள்ளை அதைச் செய்யாமல் இருந்துவிடும்.

3. யார் கூடப் போவது? தாயோடு, பிள்ளையை அன்றாடம் பார்த்துக்கொள்கிறவரும் போகவேண்டும். அது ஆத்தாவாக இருந்தால் ஆத்தாதான் போகவேண்டும். முடிந்தால் தகப்பனும். நிபுணர் சொல்வதைத் தாய் வீட்டில் வந்து சொன்னால், "உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை" என்று அவள் மேலேயே பழி வருகிறது. தகப்பன் தன் காதால் கேட்டால் அது குறையும்.

4. எந்த நாள்? நடவு, களையெடுப்பு நாட்களில் தேதி வாங்கினால் போகமாட்டார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது தகப்பன் வீட்டில் இருப்பார். ஆனால் கையில் காசு இராது. தங்கள் உதவி அந்த இரண்டு மாதங்களில் கிடைத்தால் தகப்பனும் தாயும் சேர்ந்தே பிள்ளையை அழைத்துப் போகமுடியும்.

5. பயணம்: அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கிடைக்கும், ஆகவே முதல் பஸ்ஸில் கிளம்பவேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. தூர ஊர்களுக்குப் போகும் பேருந்துகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைக்கவேண்டும். ஓடிவிடக்கூடிய பிள்ளையின் சட்டைப் பையில் பெயரும் போன் எண்ணும் எழுதிய தாள் ஒன்றைத் தைத்துவிடுவது நல்லது. மாற்றுடை, தண்ணீர், பழகிய தின்பண்டம், பிடித்தமான ஒரு விளையாட்டுப் பொருள் வேண்டும். தூங்குவதற்கென்று மருந்து எதையும் கொடுத்து அழைத்துப் போகக்கூடாது. வலிப்பு மாத்திரையை அன்றைக்கு நிறுத்தவும் கூடாது.

6. பிள்ளையிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லவேண்டும். திருவிழாவுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப் போனால், அடுத்த தடவை பிள்ளை பஸ் ஏறாது. "ஒரு அக்காவைப் பார்க்கப் போகிறோம். அவர்கள் உன்னோடு பேசுவார்கள், விளையாடச் சொல்வார்கள். ஊசி போடமாட்டார்கள்" என்றால் போதும். "நீ படிக்காததால் பைத்தியக்கார டாக்டரிடம் கொண்டுபோகிறேன்" என்று பயமுறுத்துகிற பெற்றோர் உண்டு. அப்படிச் சொன்னபின் எந்த நிபுணராலும் அந்தப் பிள்ளையின் வாயைத் திறக்க முடியாது.

அறைக்குள்ளே என்ன நடக்கும்?

முதலில் பெற்றோரிடம் விசாரிப்பார்கள். பிறகு பிள்ளையோடு விளையாட்டாகத் தொடங்குவார்கள். பத்து வடிவங்கள் வெட்டிய ஒரு மரப்பலகையில் கட்டைகளைப் பொருத்தச் சொல்வார்கள். படம் வரையச் சொல்வார்கள். வாசிக்கவும் கணக்குப் போடவும் சொல்வார்கள். சோதனை நம் தமிழிலேயே நடக்கவேண்டும். புரியாத மொழியில் கேட்டால் கிடைக்கும் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. பிள்ளை சோர்ந்துவிட்டால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இது அலைக்கழிப்பல்ல, களைத்த பிள்ளையைச் சோதித்தால் முடிவு தப்பாகிவிடும். ஆகவே வீடு திரும்பும் முன் பெற்றோர் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்: இதன் பெயர் என்ன? மருந்து வேண்டுமா? வீட்டில் தினமும் என்ன செய்யவேண்டும்? பள்ளியில் என்ன சொல்லவேண்டும்? மறுபடி எப்போது வரவேண்டும்?

சான்றிதழால் என்ன பயன்?

"பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்" என்று அஞ்சிச் சான்றிதழ் வாங்காமலிருப்பவர்கள் அநேகர். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவை அவற்றில் அடங்கும். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் தேவைப்பட்டால் எழுதுபவர் உதவியும் பள்ளி மூலம் கேட்கலாம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை துணையின்றிப் பயணம் செய்ய முடியாவிட்டால், ரயிலில் இரண்டாம் வகுப்பில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கிறது.

ஜெபமா, நிபுணரா?

இப்படி ஒரு கேள்வியே எழவேண்டியதில்லை என்று நினைக்கிறோம். மாற்கு சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனைக் கொண்டுவந்தபோது, ஆண்டவர் முதலில் இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று தகப்பனிடம் விசாரித்தார். இன்றைக்கும் நல்ல நிபுணர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஜெபிக்கட்டும், அதோடு பஸ்ஸும் ஏறட்டும்.

ஆனால் எந்த மதத்தின் பேராலும் பிள்ளையைக் கட்டிவைப்பதும், பட்டினி போடுவதும், அடிப்பதும் கூடாது. நமக்கு அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஜெப வீடுகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் தடவை

முதல் தடவை எப்படியாவது போய்விடுகிறார்கள். நகையை அடகு வைத்தாவது போகிறார்கள். "மாதம் ஒருமுறை வாருங்கள்" என்று சொன்னபின்தான் நின்றுவிடுகிறது. மருந்து சாப்பிட்டால் காய்ச்சல் மூன்று நாளில் விடும். பேச்சுப் பயிற்சிக்கும் நடத்தைப் பயிற்சிக்கும் பலன் தெரிய மாதங்கள் ஆகும். நாலு மாதம் பொறுத்தால் பேசத் தொடங்கக்கூடிய பிள்ளை, இரண்டு மாதத்தில் நின்றுவிடுவதால் பேசாமலே போய்விடும். நாங்கள் தனியாகக் கணக்கெழுதும் செலவு முக்கியமாக இந்த இரண்டாம், மூன்றாம், நாலாம் தடவைகளுக்கானதே.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைத் தங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். படிப்பும் வைத்தியமும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் மட்டும் போதாது, போய்ச் சேரவும் வழி வேண்டும் என்பதை அந்தச் சைக்கிள்கள் காட்டின. இந்தத் தாய்மாருக்கும் அதுவே தேவை.

தாங்கள் செய்யக்கூடியவை

பணம் அனுப்ப முடிந்தவர்கள் அனுப்புங்கள். இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, ஒரு நாள் கூலி, இவ்வளவே ஒரு பயணத்தின் செலவு. பணம் இல்லாதவர்களும் உதவலாம். அடுத்த தேதியைக் குறித்துவைத்து இரண்டு நாள் முன்பு நினைவூட்டலாம். ஒரு தாயோடு துணைக்குப் போகலாம். அவள் திரும்பிவரும் வரை மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம். ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறோம். பிள்ளையின் பெயரையும் குறையையும் சபையில் ஜெப விண்ணப்பமாகப் பகிரங்கமாய்ச் சொல்லாதிருங்கள். இந்தப் பிள்ளைகளின் படங்களை இந்த மடலில் நாங்கள் அச்சிடாததும் இதே காரணத்தால்தான். நாளைக்கு அந்தப் பிள்ளை அதே ஊரில் படிக்கவேண்டும், வேலை செய்யவேண்டும், கல்யாணம் செய்யவேண்டும். பெயரில்லாமல் ஜெபித்தாலும் ஆண்டவருக்குத் தெரியும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆசிரியர்கள் மூலம் புதிதாகப் பிள்ளைகள் அனுப்பப்படுவார்கள். அதற்கு முன்பே தங்கள் சபையில் துணைக்குப் போக ஆயத்தமாயிருக்கும் இரண்டு சகோதரிகளின் பெயர்களை எங்களுக்கு எழுதி அனுப்பினால், எந்த ஊர்ப் பிள்ளைக்கு யார் என்று நாங்கள் ஏற்பாடு செய்துகொள்வோம்.